குரோமோசோம் அறிக்கை கையில் இருக்கிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

சிங்கப்பூரில் ஒரு குரோமோசோம் ஆய்வகத்தில் நெடுநாள் வேலை பார்த்தவள் நான். டாக்டர் இல்லை. ஆனால் அறிக்கையில் இருப்பது என்ன என்று விளக்க முடியும். குரோமோசோம் என்பது நம் உயிரணுக்களில் மரபணுக்களைச் சுமக்கும் இழை. வழக்கமாக ஜோடி ஜோடியாக மொத்தம் 46 இருக்கும். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

செங்காங் வாசகி: ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது அக்கா. அரிசி மூட்டையைத் தூக்கியதால்தான் என்கிறார் மாமியார். பப்பாளி சாப்பிட்டாயா என்று வேறு கேட்கிறார்.

மூட்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் அம்மா. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் எண்ணிக்கையே பிசகியிருக்கும். 16ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதை அடிக்கடி பார்ப்போம். அப்படிப்பட்ட கரு பிரசவம் வரை தாங்காது. அந்தப் பிசகு கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போதே, இல்லாவிட்டால் கரு தரித்த முதல் சில நாட்களில் நடந்து முடிந்துவிடுகிறது. மாமியாரிடம் இதை உங்கள் கணவர் சொல்லட்டும், அது அவர் வேலை. மறுபடியும் கலைந்தால் டாக்டரிடம் குரோமோசோம் சோதனை பற்றிக் கேளுங்கள். அப்போது இருவரும் ரத்தம் கொடுக்க வேண்டும். மனைவியை மட்டும் அனுப்பிவிட்டுக் கணவர் வேலைக்குப் போகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை.

சுவா சூ காங் வாசகி: எனக்கு 28 வயது. தாயின் ரத்தத்தை வைத்துக் கருவின் குரோமோசோமைக் கணிக்கும் என்ஐபிடி பரிசோதனையில், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் அபாயம் அதிகம் என்று வந்திருக்கிறது. 99 சதவீதம் சரியான சோதனை என்றார்கள். அப்புறம் எதற்குப் பனிக்குட நீர் எடுக்க வேண்டும்?

டவுன் சிண்ட்ரோம் என்பது 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது. அது உள்ள 100 கருக்களில் 99ஐ அந்தச் சோதனை கண்டுபிடித்துவிடும் என்பதே அந்த 99க்குப் பொருள். 'அபாயம்' என்று வந்த 100 பேரில் 99 பேருக்குக் குழந்தை அப்படித்தான் என்று பொருள் இல்லை. உங்கள் வயதில் டவுன் சிண்ட்ரோம் அரிது. அதனால் அபாயம் என்று வருபவற்றில் கணிசமான பங்கு தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவருக்கு அதே முடிவு வந்தால் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். இன்னொன்று: தாயின் ரத்தத்தில் மிதக்கும் கருவின் டிஎன்ஏவை 1997இல் ஹாங்காங் விஞ்ஞானி டென்னிஸ் லோவின் குழு கண்டறிந்தது. அது பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. நஞ்சுக்கொடியில் இருக்கும் பிசகு குழந்தையிடம் இல்லாமலும் போகலாம். 15 வாரத்துக்கு மேல் நீர் எடுத்துப் பார்த்த பிறகே எந்த முடிவும் எடுங்கள். அதற்கு முன்னால் வேண்டவே வேண்டாம்.

தெம்பனிஸ் வாசகர்: எங்கள் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். அவன் அறிக்கையில் 46 குரோமோசோம் சரியாக இருக்கிறது. மனைவிக்குத்தான் 45. அவளுக்கு ஏதும் நோயா?

உங்கள் மனைவிக்கு ஒரு நோயும் இல்லை. ரத்த அணுக்களை மூன்று நாள் வளர்த்து, பிரியும் நேரத்தில் மருந்து விட்டு நிறுத்தி, கண்ணாடிச் சில்லில் சொட்டி, சாயமேற்றிப் பார்ப்போம். கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். மனைவியின் அணுக்களில் ஒரு 14ம் ஒரு 21ம் நுனியில் ஒட்டி ஒன்றாக நிற்கும். எண்ணினால் ஒன்று குறைவு, ஆனால் தேவையான சரக்கு எதுவும் குறையவில்லை. மகனுக்கு அந்த ஒட்டிய குரோமோசோமும் வந்தது, அம்மாவின் தனி 21ம் வந்தது, உங்களிடமிருந்து ஒரு 21ம் வந்தது. எண்ணிக்கை 46தான், ஆனால் 21இன் சரக்கு இரண்டுக்குப் பதில் மூன்று பங்கு. டவுன் சிண்ட்ரோமில் நூற்றுக்கு மூன்று நான்கு இப்படி ஒட்டியதால் வருவது. அதனால்தான் குழந்தையின் அறிக்கையில் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் அடுத்த வரியையும் படியுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

14ம் 21ம் ஒட்டியிருப்பவர் தாய் என்றால் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து. தந்தை என்றால் மிகவும் குறைவு. அடுத்த பிள்ளை வேண்டுமென்றால் 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதிக்கலாம். ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) செய்து, கருவைச் சோதித்த பிறகு கருப்பையில் வைக்கும் வழியும் இருக்கிறது. மரபணு ஆலோசகரைப் பார்க்கும்போது மனைவியின் அக்கா தங்கைகளையும் அண்ணன் தம்பிகளையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். குடும்பத்தில் சொல்லக் கூச்சமாக இருக்கும், தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள்.

ஈசூன் வாசகி: தாய்மாமன் மகனைக் கட்டியிருக்கிறேன். அதனால் டவுன் சிண்ட்ரோம் வருமா?

வராது. சொந்தத்தில் கட்டினால் கூடும் அபாயம், தாய் தந்தை இருவரிடமும் ஒரே மரபணுக் குறை ஒளிந்திருந்து பிள்ளைக்கு வருவது. தலசீமியா அப்படிப்பட்டது. அதற்கு இருவரும் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.

பிடோக் வாசகர்: அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். அறிக்கையில் பிலடெல்பியா குரோமோசோம் என்று போட்டிருக்கிறது. எனக்கும் என் பிள்ளைக்கும் வருமா?

அது அப்பாவின் எலும்பு மஜ்ஜையில் ஓர் அணுவில் பிற்காலத்தில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாறிக்கொண்டதால் வந்தது. விந்தணு வழியாக வந்ததில்லை, உங்களுக்கு இறங்காது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1960இல் அதைக் கண்டார்கள், 1973இல் ஜேனட் ரௌலி என்ற ஆய்வாளர் இந்த இடமாற்றத்தைக் கண்டுபிடித்தார். அப்பாவுக்கு வந்திருப்பது சிஎம்எல் (நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்) வகை என்றால், அந்த மாற்றத்தையே குறிவைக்கும் இமாட்டினிப் என்ற மாத்திரை 2001 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுகிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.