பூட்டச் சொன்னால் திறக்கிற கார்

கேள்வி: என் காருக்கு ஒன்பது வயது. சென்ட்ரல் லாக் பிறகு வாங்கிப் பொருத்தியது. ரிமோட்டை அழுத்தினால் நான்கு கதவும் பூட்டிக்கொண்டு, அடுத்த நொடியே தானாகத் திறந்துகொள்கின்றன. டிரைவர் கதவைப் பாதி திறந்து வைத்து அழுத்தினால் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகப் பூட்டுகிறது. நான்கு மோட்டாரையும் கண்ட்ரோல் பாக்ஸையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பதிலில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். கதவு மூடியிருக்கிறதா, பாதி திறந்திருக்கிறதா என்பது மோட்டாருக்குத் தெரியாது. கதவு அசையும்போது கூடவே மடங்கி நிமிர்வது கீல் பக்கம் இருக்கும் வயர் கட்டுதான். கதவுக்கும் காரின் தூணுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும், பாருங்கள். என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான்.

இந்த மாதிரி கிட்டுகளில் மற்ற கதவு மோட்டார்களுக்கு இரண்டு வயர், டிரைவர் கதவுக்கு மட்டும் பெரும்பாலும் ஐந்து. இரண்டு வயர் மோட்டாரை இயக்கும். மின்சாரம் ஒரு திசையில் போனால் பூட்டும், மாறிப் போனால் திறக்கும். மீதி மூன்றும் 'பூட்டு', 'திற' என்ற செய்தியைப் பாக்ஸுக்குக் கொண்டுபோகும். ஒன்பது வருடம் மடங்கி மடங்கி மேலுறை வெடித்து, 'திற' வயரின் செம்பு பக்கத்து வயரைத் தொட்டால் என்ன ஆகும்? யாரோ திறக்கச் சொல்கிறார்கள் என்று பாக்ஸ் நினைத்துக்கொள்ளும். பாவம், அது சொன்னபடி கேட்கிறது. அதைப் போய் மாற்றுவானேன்?

ரப்பர் குழாயின் தூண் பக்க முனையை விரல் நகத்தால் நெம்பி இழுங்கள், கழன்று வரும். வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். உள்ளே செம்பு அறுந்துபோயிருந்தால் மேலுறை மட்டும் ரப்பர் மாதிரி நீளும்; விரலுக்கே தெரிந்துவிடும். வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் பச்சை பூத்திருக்கும். மஞ்சள் நிற வயரோ கனெக்டரோ தென்பட்டால் தொடாதீர்கள், அது பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போவது.

கெட்ட வயரை முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மழைக்குத் தாங்கும், அவ்வளவுதான். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு (சாவி கையில் இருக்கட்டும், கண்ணாடி ஒன்று இறங்கியிருக்கட்டும்), கெட்ட துண்டை வெட்டியெடுத்து, மெல்லிய இழைகள் கொண்ட புது வயரை நீளமாக வைத்து இணையுங்கள். சால்டர் (உருக்கிய ஈயம்) வைத்த இடம் விறைத்துப்போகும். அதனால் இணைப்பு ரப்பர் குழாய்க்குள் வரவே கூடாது. ஒரு முனை தூணுக்குள்ளும் இன்னொன்று கதவுக்குள்ளும் இருக்க வேண்டும். குழாய்க்குள் இருப்பது முழு வயராக இருக்கட்டும்.

வயர் எல்லாம் நன்றாக இருந்தால்? அப்போதுதான் டிரைவர் கதவு மோட்டாருக்கு வாருங்கள். பல்சக்கரம் தேய்ந்தோ கிரீஸ் காய்ந்தோ போனால், பூட்டைத் தள்ளும் கம்பி முழுத் தூரம் போகாது. உள்ளே இருக்கும் சுவிட்ச் 'இன்னும் பூட்டவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும், அதற்கும் பூட்டு திரும்பத் திறந்துகொள்ளலாம். காதைக் கதவில் வைத்துக் கேளுங்கள். நல்ல மோட்டார் ஒரே அடியாக 'டக்' என்னும்; களைத்தது 'ட்ர்ர்' என்று இழுக்கும். சோதிக்கிறேன் என்று இருபது தடவை தொடர்ந்து அழுத்தாதீர்கள். மோட்டார் சூடாகாமல் இருக்கச் சில பாக்ஸ்கள் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிடும். புதுப் பழுது வந்துவிட்டது என்று பயந்துபோவீர்கள்.

இவ்வளவு உறுதியாகப் பேசக் காரணம், நான் பட்ட அவமானம். முப்பது வருடமாக வண்டி வயரிங் பார்க்கிறவன். என் சொந்தக் காரில் அடுத்தடுத்து இரண்டு மோட்டார் மாற்றினேன். மூன்றாவதை வாங்கக் கிளம்பியபோது, 'கதவைச் சாத்தினா மட்டும்தானே இப்படிப் பண்ணுது?' என்று கேட்டது என் மனைவி. ரப்பர் குழாயை உருவினால், அறுந்த வயர் இளித்துக்கொண்டு நின்றது.

கேள்வி: ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டும், கதவருகே போனால்தான் வேலை செய்கிறது. ஏன்?

பதில்: இரண்டாவது ரிமோட்டை எடுத்துப் பாருங்கள். அது தூரத்திலிருந்து வேலை செய்தால், முதல் ரிமோட்டில் பேட்டரியைத் தொடும் தகடு தளர்ந்திருக்கலாம், லேசாக வளைத்துவிடுங்கள். இரண்டுமே அப்படித்தான் என்றால், காருக்குள் செருகி வைத்திருக்கும் மொபைல் சார்ஜரையும் டேஷ் கேமராவையும் பிடுங்கிவிட்டு மறுபடி அழுத்துங்கள். மலிவான சார்ஜர்கள் கிளப்பும் மின்னிரைச்சல் ரிமோட்டின் சிக்னலை அமுக்கிவிடும்.

கேள்வி: பின் கதவு வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளிருந்து திறக்கவே மாட்டேன் என்கிறது. லாக் மோட்டார் போய்விட்டதா?

பதில்: கதவைத் திறந்து, பூட்டு இருக்கும் ஓரத்தைப் பாருங்கள். சின்னதாக ஒரு நெம்புகோல் இருக்கும், பக்கத்தில் குழந்தைப் படம் போட்டிருந்தாலும் இருக்கும். குழந்தைகள் உள்ளிருந்து திறந்துவிடாமல் தடுக்கிற சைல்டு லாக் அது. அதை எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். மோட்டாரை விட்டுவிடுங்கள்.