வலது கை இழந்த தம்பிக்கு இப்போது என்ன செய்வது?

கேள்வி: என் தம்பிக்கு 28 வயது. ஐந்து வாரத்துக்கு முன் கோவையில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் சிக்கி, வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. தையல் பிரித்துவிட்டார்கள், புண்ணும் ஆறிவிட்டது. இல்லாத விரல்கள் உள்ளங்கையில் குத்துவதுபோல் வலிக்கிறது என்கிறான். அம்மாதான் ஊட்டிவிடுகிறார். என்ன செயற்கைக் கை வாங்கலாம்?

பதில்: கை வாங்குவது இரண்டாவது வேலை. முதலில் ஸ்டம்ப்பை, அதாவது வெட்டுப்பட்டு மிஞ்சிய கைப்பகுதியை, தயார் செய்ய வேண்டும், இடது கையையும் பழக்க வேண்டும்.

வீக்கம் வடிய 4 அங்குல கிரேப் பேண்டேஜ் போதும். நுனியில் தொடங்கி, எட்டு எழுதுவதுபோல் சாய்த்துச் சாய்த்து முழங்கைக்கு மேல்வரை கொண்டுபோங்கள். நுனியில் இறுக்கம் அதிகமாகவும், மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். வளையல்போல் வட்டமாகச் சுற்றினால் நடுவில் இறுகி நுனி பல்புபோல் உப்பிவிடும். பிறகு சாக்கெட்டுக்குள், அதாவது செயற்கைக் கையில் ஸ்டம்ப்பை நுழைக்கும் கூட்டுக்குள், அது போகாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்டுங்கள். விண்விண் என்று தெறித்தாலோ மரத்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். முழங்கை மடிப்புக்கு 5 செ.மீ. கீழே தினமும் காலையில் டேப் வைத்துச் சுற்றளவை அளந்து எழுதிவையுங்கள். அளவு மாறாமல் நின்றுவிட்டால் சாக்கெட்டுக்கு அளவெடுக்கலாம்.

கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விடவையுங்கள், முழங்கை அப்படியே இறுகிவிடும். நீட்டி மடக்குவது, தோளைத் தலைக்கு மேல் தூக்குவது ஒவ்வொன்றும் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. தழும்பை முதலில் பஞ்சால், பிறகு துண்டால், அப்புறம் சொரசொரப்பான துணியால் ஐந்து நிமிடம் தேய்த்துப் பழக்குங்கள். தொட்டாலே கூசும் ஸ்டம்ப்பில் எந்தக் கையையும் மாட்ட முடியாது.

தம்பி சொல்வது ஃபான்டம் வலி, அதாவது இல்லாத உறுப்பில் உணரும் வலி. கற்பனை அல்ல, நடிப்பும் அல்ல. ஒரு கண்ணாடியை நெஞ்சுக்கு நேரே, பக்கவாட்டில் நிறுத்துங்கள். இடது கை கண்ணாடி முகத்தின் பக்கம், ஸ்டம்ப் பின்னால் மறைவில். வாட்ச், மோதிரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கண்ணாடியில் தெரியும் ‘வலது கை’யைப் பார்த்தபடியே, இரண்டு கையும் ஒன்றாக விரிவதாக நினைத்து இடது கையை மெல்ல மூடித் திறக்கட்டும். தினமும் 10 முதல் 15 நிமிடம், சில வாரங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கொண்டுவந்த முறை இது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, தலை சுற்றினாலோ மனம் கலங்கினாலோ நிறுத்திவிடுங்கள். நரம்பு வலிக்கு மருந்துகள் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டம்ப்பில் ஒரே இடத்தைத் தொட்டால் மட்டும் ஷாக் அடித்தால் அது நரம்பு முடிச்சாக இருக்கலாம். அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஊட்டிவிடுவதை அம்மா இந்த வாரமே நிறுத்தட்டும். இடது கையால் சாப்பிடுவதா என்ற கூச்சம்தான் பலரைப் பந்தியிலிருந்து விலக்கிவைக்கிறது. வீட்டில் முதலில் ஸ்பூன், விளிம்பு உயர்ந்த தட்டு. தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. கழிவறையில் ஹெல்த் ஃபாசெட், பக்கத்திலேயே சோப்பு. இரண்டு வேலையும் ஒரே கைக்கு என்ற சங்கடம் அதில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சட்டை போடும்போது ஸ்டம்ப் பக்கம் முதலில், கழற்றும்போது கடைசியில். வெல்க்ரோ வேட்டி கடைகளிலேயே கிடைக்கிறது. துணி பிழியக் குழாயில் வளைத்துப் போட்டு முறுக்கலாம். நகவெட்டியை ஒரு பலகையில் திருகிவைத்தால் ஸ்டம்ப்பால் அழுத்தி இடது கை நகத்தைத் தானே வெட்டிக்கொள்வார். பாக்கெட்டைப் பல்லால் கிழிக்க விடாதீர்கள். தொடை இடுக்கில் பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்டட்டும். எல்லாம் இடது கைமேலேயே விழுவதால் அந்தத் தோளும் மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கலாம். கனமான வேலைகளைப் பிரித்துச் செய்யச் சொல்லுங்கள்.

இனி செயற்கைக் கை. அழகுக்கான கை எதையும் பிடிக்காது. தோளில் மாட்டும் பட்டையோடு கேபிளால் இணைந்த கொக்கி பார்க்க முரட்டுத்தனம்தான். ஆனால் தோளை முன்னால் தள்ளினால் திறக்கும், எவ்வளவு திறந்தது என்று கேபிளின் இழுப்பிலேயே தெரியும், தூசியும் எண்ணெயும் தாங்கும், பழுது பார்ப்பதும் எளிது. தசைச் சைகையில் இயங்கும் மயோ கை கனம் கூடியது. வியர்வையில் சைகை குழம்பும், சார்ஜ் போட வேண்டும், நீர் பட்டால் கெடும் மாடல்களே அதிகம். பட்டறைக்கே திரும்புவாரென்றால் முதல் கை கொக்கியாக இருக்கட்டும் என்பேன். எதுவானாலும் மாட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ரொம்பத் தள்ளிப்போடவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் இடது கையே போதும் என்று பழகியவருக்குச் செயற்கைக் கை பரணில்தான் கிடக்கும். முதல் நாள் அரை மணி நேரத்துக்கு மேல் மாட்ட வேண்டாம். கழற்றி 20 நிமிடமாகியும் சிவப்பு மறையாத இடத்தில் சாக்கெட்டைத் திருத்தியாக வேண்டும்.

தம்பிக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் முதலாளி விபத்து அறிக்கை கொடுத்தாரா என்பதை உறுதிசெய்யுங்கள். செயற்கைக் கை, நிரந்தர ஊனப் பலன் இரண்டும் அதில் வரும். சட்ட அட்டவணையில் முழங்கை முனையிலிருந்து 11.43 செ.மீ.க்குக் குறைவாக ஸ்டம்ப் இருந்தால் வருவாய் ஈட்டும் திறனில் இழப்பு 70 சதவீதம், அதற்கு மேல் இருந்தால் 60. மருத்துவக் குழு அளக்கும்போது நீங்களும் கூட இருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் செயற்கைக் கை பற்றி விசாரிக்கலாம். வங்கியில் இடது கைக் கையெழுத்தைப் பதிவு செய்ய ஒரு கடிதம், ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்க ஒரு நடை. இரண்டையும் அவரே போய் முடிக்கட்டும். தூக்கம், பேச்சு, சாப்பாடு மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்தே இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.