வாகனப் பக்கம்: கேள்வியும் பதிலும்

கேள்வி (தலவாக்கலை): என் டபுள் கெப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசி காஸ் அடிக்க வேண்டியிருக்கிறது. கொம்பிரசரின் கிளச் பக்கம் ஒயில் பிசுக்கு தெரிகிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் கொம்பிரசர் வாங்கி இங்கேயே மாற்றலாமா?

பதில்: கிளச் முகப்பில் தூசி படிந்து கறுத்த ஒயில் வட்டம், அதற்கு நேர் மேலே பொனட்டின் அடியில் ஒரே கோடாகத் தெறித்த கறை. இரண்டும் இருந்தால் கசிவது கொம்பிரசரின் தண்டைச் சுற்றி அடைக்கும் தண்டு சீல்தான். ஒயில் காஸோடு சேர்ந்தே சுற்றுகிறது. காஸ் போன வழியில் ஒயிலும் போயிருக்கும். இனியும் காஸ் மட்டும் அடித்து ஓட்டினால் கொம்பிரசர் ஒயில் இல்லாமல் அரைபட்டு, உலோகத் தூளைக் குழாய் முழுக்கத் தள்ளிவிடும். இப்போதே மாற்றிவிடுங்கள்.

ரீகண்டிஷன் வாங்கலாம். குழாய் வாய் இரண்டும் மூடியோடு இருக்க வேண்டும். திறந்து கிடந்ததை எடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஒயில் ஈரம் குடித்திருக்கும். கிளச்சின் முன் தட்டைக் கையால் சுற்றினால் எங்கும் இடறக் கூடாது. பெல்ட் ஓடும் பள்ளங்களின் எண்ணிக்கையையும், கிளச் 12 வோல்ட்தானா என்பதையும் பாருங்கள். லொறிக்கானது 24 வோல்ட்டாக இருக்கும்.

வேலை நாளில் முதலில் மிச்சக் காஸை மெஷினில் இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். ஏசி காஸான ஆர்-134ஏ காபனீரொட்சைட்டைப் போல 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதை வெளியே திறந்துவிடுவது பெரிய தவறு. பிறகு பட்டரியின் மைனஸைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி, குழாய்களைப் பிரித்தவுடனே வாய்களை மூடுங்கள்.

பழைய கொம்பிரசரின் ஒயிலை அளவுக் குவளையில் வடித்து, ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு வெயிலில் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. சாம்பல் நிறமாகி, சாய்க்கும்போது மினுக்கினால் அது அலுமினியத் தூள். அப்படியானால் காஸைக் குளிர்விக்கும் கொண்டன்சரையும் மாற்றத்தான் வேண்டும், இன்றைய கொண்டன்சர்களின் நுண்குழாய்களைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது.

வாங்கியதிலும் ஒயிலை முழுதாக வடியுங்கள். சில கொம்பிரசர்கள் மொத்த ஏசிக்கும் வேண்டிய ஒயிலோடு வரும். அப்படியே பூட்டினால் ஒயில் மிஞ்சிக் குளிர்ச்சி குறையும். பழையதிலிருந்து வடிந்த அளவே புது ஒயிலை ஊற்றுங்கள். வடிந்தது 30 மில்லிலீற்றருக்கும் குறைவென்றால் 60 ஊற்றுவது வழக்கம். வண்டியின் மனுவலில் அளவு இருந்தால் அதன்படியே செய்யுங்கள். பல கெப்களுக்குப் பிஏஜி 46 என்ற ஒயில் வகை சரி. எது என்பது கொம்பிரசர் லேபலில் இருக்கும். ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரைக் கட்டாயம் மாற்றுங்கள், அதற்கென 15 மில்லிலீற்றர் கூட்டுங்கள். இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங் வளையங்கள் எல்லாம் புதியவையாக, ஒயில் தடவியே போட வேண்டும். பூட்டியபின், பெல்ட் போடுமுன், முன் தட்டைக் கையால் பத்துச் சுற்று சுற்றுங்கள். அடியில் தேங்கிய ஒயில் ஸ்டார்ட் பண்ணும் முதல் நொடியில் வால்வைத் தாக்கி உடைக்காமல் இருக்க இது.

வக்யூம் போட்டபின் (அது அடுத்த பதிலில்) காஸைத் தராசில் வைத்து நிறையால் மட்டும் நிரப்புங்கள். பொனட்டின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கும். நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை இங்கேதான். 16 பாகைக் குளிரில் அழுத்த மீற்றர் எப்போதும் குறைத்தே காட்டும். காஸ் போதவில்லை என்று நினைத்து இன்னும் அடிக்கிறார்கள். அதே வண்டி கித்துள்கலை தாண்டி அவிசாவளை வெக்கைக்கு இறங்கும்போது அழுத்தம் எகிறி, ஏசி வெட்டி வெட்டி நிற்கும். புது சீலும் கெடும். குளிரில் காஸ் டின் மெதுவாக இறங்கினால் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். நெருப்பில் காட்டவே கூடாது. எஞ்சின் ஓடும்போது மீற்றரின் சிவப்புப் பக்க (உயர் அழுத்தப் பக்க) திருகைத் திறக்காதீர்கள், டின் வெடிக்கும்.

கேள்வி (நுவரெலியா): காஸ் அடிக்குமுன் பம்பால் குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வக்யூம் போட்டால், மீற்றர் முள் 24 அங்குலத்துக்கு மேல் போகவில்லை. பம்ப் பழுதா?

பதில்: இல்லை. மீற்றர் காட்டுவது வெளிக்காற்றுக்கும் உள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை. கடல் மட்டத்தில் அது ஏறத்தாழ 30 அங்குலம் (பாதரச அளவில்) வரை போகும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரம். அங்கே வெளிக்காற்றே 24 அங்குலம்தான். ஹட்டனில் 26க்குக் கிட்ட வரும். முள் 20இலேயே நின்றால்தான் பம்பையோ கசிவையோ சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் குளிரில் குழாய்க்குள் இருக்கும் ஈரம் லேசில் ஆவியாகாது. ஏசி சுவிட்சை அணைத்தபடி எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள், பிறகு பம்பை முக்கால் மணி நேரமாவது ஓடவிடுங்கள். பம்பின் வால்வை மூடி இருபது நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். அசைந்தால் காஸ் அடிக்க வேண்டாம், கசிவைத் தேடுங்கள்.

கேள்வி (பண்டாரவளை): நான் ஏசியே போடுவதில்லை. பிறகு காஸ் எப்படிக் கசிகிறது?

பதில்: போடாததால்தான். தண்டு சீலின் விளிம்பு ஒயிலில் நனைந்திருந்தால்தான் இறுக்கமாக அடைக்கும். மாதக்கணக்கில் ஓடாவிட்டால் காய்ந்துவிடும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் போடுங்கள். பனிமூட்டத்தில் ஹீட்டரோடு சேர்த்துப் போட்டால் முன்கண்ணாடியின் உள்ளாவியும் விலகும்.