விக்கிப்பீடியாவில் கூடைப்பந்துக் கட்டுரைகளை இவ்வளவு வேகமாகத் திருத்துவது யார்? அவர்களுக்குச் சம்பளம் உண்டா?

சம்பளம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மாமனார் தொடங்கி எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. அங்கே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் சர்வர், மென்பொருள், சட்ட விவகாரம், நன்கொடை ஆகியவற்றைக் கவனிக்கிறார்கள். கட்டுரைகளை அவர்கள் எழுதுவதில்லை. வெளியே யாரிடமாவது காசு வாங்கிக்கொண்டு தொகுத்தால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2014 முதல் விதி உண்டு. ஆக, நேற்றிரவு ஆட்டத்தின் விவரத்தை இன்று காலை கட்டுரையில் சேர்த்தவர் ஏதோ ஓர் ஊரில் பல் துலக்கிக்கொண்டே அதைச் செய்தவராக இருக்கலாம். சில நாட்களில் அது நான்.

நான் கோவைக்காரன். பள்ளி அணியில் நாலு வருடம் இருந்தேன். ஆடியதைவிட பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதியதுதான் அதிகம். அந்தப் பழக்கம்தான் என்னை விக்கிப்பீடியாவில் கொண்டுவந்து விட்டது என்று நினைக்கிறேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் கூடைப்பந்துக்கென்று ஒரு திட்டக்குழு, என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்குக்கென்று தனியாக ஒன்று, அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களுக்கு இன்னொன்று என்று இருக்கின்றன. குழு என்றதும் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நினைத்துவிடாதீர்கள். தொகுப்பவர்கள் கலந்து பேச ஒரு பேச்சுப் பக்கமும், வருடக்கணக்கில் சண்டை போட்டு ஒத்துக்கொண்ட சில வழக்கங்களும், அவ்வளவுதான்.

வேலை எவ்வளவு என்று பார்த்தால் தலை சுற்றும். என்பிஏவில் 30 அணிகள். அணிக்கு 82 ஆட்டங்கள், மொத்தம் 1,230. அதற்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகள் தனி. அணிக்கு 15 பேர் என்று வைத்தாலே 450 வீரர்கள், எல்லாருக்கும் கட்டுரை. ஒவ்வோர் அணிக்கும் பருவத்துக்கு ஒரு கட்டுரை வேறு. ஒருவர் அணி மாறினால் ஒரு வரியைத் திருத்திவிட்டுப் போய்விட முடியாது. அவருடைய தகவல் பெட்டி (கட்டுரையின் ஓரத்தில் இருக்கும் சுருக்கக் கட்டம்), கட்டுரையின் முதல் வரி, பழைய அணியின் வீரர் பட்டியல் வார்ப்புரு (பல பக்கங்களில் அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும் பட்டியல்), புது அணியின் வார்ப்புரு, இரண்டு அணிகளின் பருவக் கட்டுரைகள், கீழே இருக்கும் பகுப்புகள் எல்லாவற்றையும் தொட வேண்டும். ஒன்றை மறந்தாலும் மனுஷன் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் ஆடிக்கொண்டிருப்பார்.

நேர வித்தியாசம் எனக்குச் சாதகம். நியூயார்க்கில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்குக் காலை ஆறு மணி. லாஸ் ஏஞ்சலஸில் ஆட்டம் முடியும்போது அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் தூங்கியிருக்கும், நான் ஆபீஸ் பஸ்ஸில் இருப்பேன்.

சரி, உங்கள் கேள்வியில் இருக்கும் அந்த ‘வேகம்’ பற்றி. வெளியிலிருந்து பார்த்தால் இது வேகமாகத் திருத்துகிறவர்களின் கூட்டம் மாதிரித் தெரியும். உள்ளே வந்து பார்த்தால் பாதி நேரம் வேகமாகத் திருத்துகிறவர்களைத் தடுத்து நிறுத்துவதிலேயே போகிறது.

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தே முக்கால் இருக்கும், கறிக்கடை வரிசையில் நின்றிருந்தேன். லூகா டோன்சிச்சை டல்லஸ் மேவரிக்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுக்கிறது, பதிலுக்கு ஆண்டனி டேவிஸ் டல்லஸ் போகிறார் என்று இஎஸ்பிஎன் செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா ஒரு பதிவு போட்டார். அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. அவருடைய கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பின்னே? 25 வயது வீரர், முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனவர். அவரைப் போய் யாராவது தூக்கிக் கொடுப்பார்களா?

நான் கண்காணிக்கும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலைத் திறந்தால் ஒரே ரகளை. ஒருவர் லேக்கர்ஸ் என்று மாற்றுகிறார், இன்னொருவர் பழையபடி மேவரிக்ஸ் என்று மீளமைக்கிறார், மூன்றாமவர் தகவல் பெட்டியில் லேக்கர்ஸ், முதல் வரியில் மேவரிக்ஸ் என்று விட்டுவிட்டுப் போகிறார். நானும் போனிலேயே இரண்டு முறை மீளமைத்தேன். ஒரே கட்டுரையில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்று விதி இருப்பதால் விரல் விட்டு எண்ணிக்கொண்டே செய்ய வேண்டும். அப்போது வீட்டிலிருந்து போன். “ஏனுங்க, கறி வாங்கப் போனவரு அங்கயே ஆட்டை வளத்திட்டு இருக்கறீங்களா?” வரிசை என்னைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

செய்தி உண்மைதான் என்பது சீக்கிரமே உறுதியாகிவிட்டது. ஆனாலும் அணிகள் அறிவிக்கும்வரை கட்டுரையில் அவர் மேவரிக்ஸ் வீரர்தான். உட்டா ஜாஸும் சேர்ந்த மூன்று அணிப் பரிமாற்றம் அது. அறிவிப்பு வரும்வரை ‘இப்படிச் செய்தி வந்திருக்கிறது’ என்று உள்ளே ஒரு வரி எழுதலாம், பெட்டியில் அணியை மாற்றக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இது சுத்த அசட்டுத்தனமாகத் தெரியும். “உலகத்துக்கே தெரிந்துவிட்டது, உனக்கு மட்டும் தெரியவில்லையா?” என்று பேச்சுப் பக்கத்தில் திட்டுவார்கள்.

இந்தப் பிடிவாதத்துக்கு நியாயம் கேட்கிறவர்களிடம் நான் 2015 ஜூலையைச் சொல்வேன். என்பிஏவில் ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் புது அணியோடு வாய்ப்பேச்சில் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் ஜூலையின் முதல் சில நாட்கள் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த இடைவெளியில் டிஆண்ட்ரே ஜோர்டான் டல்லஸுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். எல்லா ஊடகத்திலும் வந்தது. நாலைந்து நாள் கழித்து மனசு மாறியது. பழைய அணியான கிளிப்பர்ஸ் ஆட்கள் ஹூஸ்டனில் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொண்டார்கள். கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருப்பது மாதிரி ஒரு படத்தை கிளிப்பர்ஸ் வீரர் பிளேக் கிரிஃபின் ட்விட்டரில் போட்டார். நள்ளிரவு கழிந்து கையெழுத்துப் போடலாம் என்ற நிமிடம் வந்ததும் ஜோர்டான் கிளிப்பர்ஸிலேயே கையெழுத்திட்டார். அவர் டல்லஸ் வீரர் என்று அவசரமாக எழுதியிருந்த ஒவ்வொரு பக்கமும் தப்பு. இப்போதும் ஜூலை வந்தால், வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் தொகுப்பவருக்கு மட்டும் தெரியும்படி, ‘அதிகாரபூர்வமாகும்வரை மாற்றாதீர்கள்’ என்று கட்டுரைக்குள் குறிப்பு எழுதி வைப்போம். அதைப் படித்துவிட்டு, அதையும் சேர்த்து அழித்துவிட்டு மாற்றுகிறவர்களும் உண்டு.

மற்றவர்களை மட்டும் சொல்வானேன், நானே மாட்டியிருக்கிறேன். 2023 பிப்ரவரி 8 காலை, அமெரிக்காவில் 7 இரவு. கரீம் அப்துல் ஜப்பாரின் 38,387 புள்ளி சாதனையை லெப்ரான் ஜேம்ஸ் தாண்டிய ஆட்டம். மூன்றாம் கால் பகுதியின் கடைசியில் அந்தக் கூடை விழுந்ததும் ஆட்டத்தையே நிறுத்தி விழா எடுத்தார்கள். எனக்குக் கை துறுதுறு. மொத்தம் 38,388 என்று போட்டு சேமித்துவிட்டு ஆபீஸ் வேலையில் மூழ்கிவிட்டேன். லெப்ரான் நான்காம் கால் பகுதியில் இன்னும் 2 புள்ளி எடுத்தார். அன்றைய முடிவில் மொத்தம் 38,390. ஒருவர் அதைத் திருத்திவிட்டு, ‘ஆட்டம் முடியும்வரை காத்திருக்கவும், நன்றி’ என்று, மாற்றத்தோடு சேர்த்து எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் எழுதியிருந்தார். அந்த ‘நன்றி’ இன்னும் உறுத்துகிறது. பள்ளியில் ஸ்கோர் ஷீட் எழுதிய காலத்தில் கடைசி விசிலுக்கு முன்னால் மொத்தம் போட்டால் கோச் பேனாவைப் பிடுங்கிவிடுவார். அது எப்படி மறந்ததோ!

இதெல்லாம் விளையாட்டுச் சண்டை. லேக்கர்ஸின் பழைய நட்சத்திரம் கோபி பிரையன்ட் இறந்த இரவு அப்படி இல்லை. 2020 ஜனவரி 26, நமக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகப்போகிறது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் கலாபசாஸில் அவர் போன ஹெலிகாப்டர் விழுந்தது என்று ஒரே ஒரு கேளிக்கைச் செய்தித் தளத்தில் வந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் வந்த தகவல்களில் பல தப்பு. அவருடைய நாலு மகள்களும் உள்ளே இருந்தார்கள் என்று ஒரு பெரிய தொலைக்காட்சியில் சொன்னார்கள். முன்னாள் லேக்கர்ஸ் வீரர் ரிக் ஃபாக்ஸும் இருந்தார் என்று பரவியது. மனிதர் நல்லபடியாக வீட்டில் இருந்தார். உண்மையில் இறந்தவர்கள் ஒன்பது பேர். மகள்களில் 13 வயது ஜியானா மட்டும் அப்பாவோடு இருந்தாள்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுத விக்கிப்பீடியாவில் கடுமையான கொள்கை உண்டு: நம்பகமான ஆதாரம் இல்லாத தகவலை விவாதம் செய்யாமல் உடனே நீக்கலாம். அண்மையில் இறந்தவர்களுக்கும் அது பொருந்தும். அன்று அந்தக் கொள்கையின் அருமை எனக்குப் புரிந்தது. ரிக் ஃபாக்ஸின் வீட்டார் அந்த நேரத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பார்களோ என்ற நினைப்பு வந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் அன்று ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை, நீக்க மட்டும் செய்தேன்.

விஷமத் தொகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் இன்னொருவர் தலைக்கு மேல் டங்க் அடித்தால் (எகிறிப் பந்தைக் கையாலேயே கூடைக்குள் திணித்தால்) அடுத்த நிமிடமே அடி வாங்கியவர் கட்டுரையில் ‘இறப்பு’ தேதி சேர்ந்துவிடும். அணியைத் தோற்கடித்த வீரரை அந்த அணியின் ‘உரிமையாளர்’ ஆக்கிவிடுவார்கள். ஆங்கிலப் பக்கத்தில் குளூபாட் என்ற தானியங்கி நிறையவற்றை நொடிகளில் துடைத்துவிடும். கை மீறினால் நிர்வாகிகள் பூட்டுப் போடுவார்கள். அப்புறம் கணக்குத் தொடங்கி நாலு நாளும் பத்துத் தொகுப்பும் ஆனவர்தான் உள்ளே வர முடியும். சில நகைச்சுவைகள் நிஜமாகவே நன்றாக இருக்கும், சிரித்துவிட்டுத்தான் அழிப்பேன்.

விஷமிகளைவிட என்னை அதிகம் களைக்க வைப்பவர்கள் நல்லெண்ணத்தோடு சண்டை போடுகிறவர்கள்தான். ஒரு அங்குலத்துக்காக வாரக்கணக்கில் நடந்த சண்டையைப் பார்த்திருக்கிறேன். 2019இல் வீரர்களின் உயரத்தைக் காலணி இல்லாமல் அளந்து தர வேண்டும் என்று என்பிஏ அணிகளுக்குச் சொன்னது. பலர் ஒரே நாளில் குள்ளமானார்கள். கெவின் டுரான்டோ 6 அடி 9 அங்குலத்திலிருந்து 6 அடி 10 ஆக வளர்ந்தார்! சார்லட் ஹார்னெட்ஸ் கதை இன்னும் மோசம். அந்த அணி 2002இல் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனது. 2004இல் சார்லட்டில் பாப்கேட்ஸ் என்று புது அணி வந்தது. 2013இல் நியூ ஆர்லியன்ஸ் தன் பெயரை பெலிகன்ஸ் என்று மாற்றிக்கொண்டது. 2014இல் ஹார்னெட்ஸ் என்ற பெயரும் பழைய வரலாறும் சார்லட்டுக்கே திரும்பின. ஆக, அணி ஒரு ஊரில், அதன் பழைய வரலாறு இன்னொரு ஊரில். பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரி ஒவ்வொரு பருவக் கட்டுரையிலும் யாருடைய சாதனை யாருக்கு என்று பிரித்து எழுத வேண்டியிருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியாவில் நிலைமை நேர்மாறு. 2003இல் தொடங்கிய தளம், கூடைப்பந்து பக்கம் ஆள் மிகக் குறைவு. இங்கே சண்டை போடக்கூட யாரும் வருவதில்லை. ஓய்வு பெற்று வருடங்கள் ஆன வீரர் குறுங்கட்டுரையில் இன்னும் ஆடிக்கொண்டிருப்பார். இருக்கிற சில பேரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் பெயர் எழுதுவது பற்றித்தான். செர்பிய வீரர் நிகோலா யோகிச்சை நம் பத்திரிகைகள் ‘ஜோகிச்’ என்று எழுதுகின்றன. அவர் ஊர் உச்சரிப்பில் அது ‘யோ’. நான் யோகிச் கட்சி. தேடுகிறவர்களுக்காக ஜோகிச்சிலிருந்து ஒரு வழிமாற்றுப் போட்டுவிட்டால் இரண்டு கட்சிக்கும் தகராறு இல்லை.

இந்தியர்கள் பற்றிய பக்கங்களில் அடிக்கடி வரும் ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். என்பிஏவில் ஆடிய முதல் இந்தியர் சத்னாம் சிங் என்று எழுதுவார்கள். அணிகள் புது வீரர்களை எடுக்கும் 2015 தேர்வில் டல்லஸ் அவரை 52ஆவது ஆளாக எடுத்தது உண்மை. ஆனால் என்பிஏ ஆட்டம் எதிலும் அவர் இறங்கவில்லை. இந்திய வம்சாவளியில் முதலில் ஆடியவர் கனடாவில் பிறந்த சிம் புல்லர், அதே 2015இல், சாக்ரமென்டோ கிங்ஸுக்காக.

உங்களுக்கும் இதில் ஆர்வம் வந்தால் என்பிஏவை விடுங்கள், அதற்கு ஆள் இருக்கிறது. சென்னையில் பிறந்து இந்திய அணிக்குத் தலைமை தாங்கி 2021இல் பத்மஸ்ரீ வாங்கியவர் அனிதா பால்துரை. அவரைப் போன்றவர்களின் பக்கங்களைப் பாருங்கள். நம் மாநில வீரர், வீராங்கனைகளைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. முக்கியமாகப் படம் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுத்துப் போட முடியாது, காப்புரிமை இருக்கிறது. என்பிஏ கட்டுரைகளின் படங்களில் மூலையில் எங்காவது வாஷிங்டன் விசார்ட்ஸ் சட்டை அடிக்கடி தெரிவதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தப் பக்கத்து ரசிகர் ஒருவர் வருடக்கணக்கில் அங்கே எடுத்த படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் போட்டு வைத்தார், அதனால்தான். அந்த மாதிரி ஒரு ஆள் நமக்கு வேண்டும். கோவையில் பிஎஸ்ஜி கோப்பை ஆட்டங்களுக்குப் போகிறவர்கள் போனிலேயே எடுத்து, விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். முகம் தெரிகிற மாதிரி எடுங்கள். போன தடவை நான் எடுத்த பதினோரு படங்களில் ஒன்பதில் நடுவரின் முதுகுதான் விழுந்திருக்கிறது.