கார் விற்பனையில் இருக்கும் மகன் முகம் வாடி வீட்டுக்கு வந்தால்

அம்மா, கார் ஷோரூம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் துள்ளிக்கொண்டு போன மகன் இப்போது ராத்திரி வந்ததும் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான், "எனக்கு இது சரிப்பட்டு வராது" என்கிறான், வேலையை விடச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். விடுவதா இருப்பதா என்ற பேச்சையே அந்த மாதிரி ராத்திரியில் எடுக்க வேண்டாம்.

முதலில் அவனுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குடும்பம் வருகிறது. வண்டியைச் சுற்றிக் காட்டி, டிக்கியைத் திறந்து, பின்சீட்டில் பெரியவர்கள் கால் இடிக்காமல் உட்கார முடிகிறதா என்று உட்காரவைத்துப் பார்த்து, டெஸ்ட் டிரைவ் கூட்டிப்போய், கொட்டேஷன் போட்டு, பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்சில் என்ன கிடைக்கும் என்று விசாரித்துச் சொல்லி, லோனுக்குப் பேப்பர் வாங்கி, இப்படிப் பல நாள் அவர்கள் பின்னால் அலைந்திருப்பான். கடைசியில் போன் போட்டால் "வேற இடத்துல புக் பண்ணிட்டோம் தம்பி" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அதே நாளில் இன்னொருவருக்கு லோன் கிடைக்காமல் புக்கிங் கேன்சல் ஆகும். சாயங்காலம் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் டார்கெட் கணக்கு கேட்பார்கள். நாள் முழுக்க நின்ற களைப்பைவிட அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆளைச் சாய்த்துவிடுகிறது, அதுவும் மாதக் கடைசி என்றால் கேட்கவே வேண்டாம்.

கார் என்பது எந்தக் குடும்பத்துக்கும் பெரிய செலவுதான். நாலு இடம் ஏறி இறங்கித்தான் வாங்குவார்கள், நாமும் அப்படித்தானே செய்வோம்? வருகிறவர்களில் பலர் வாங்காமல் போவது இந்தத் தொழிலின் இயல்பு. இதை அவன் மனதில் ஏற்றிக்கொள்வது ரொம்ப அவசியம்.

மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் ஒரு பெரிய ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் விற்பனையாளர்களை ஆராய்ந்தார். "நான் எதற்கும் லாயக்கில்லை, எப்போதும் இப்படித்தான்" என்று தோல்வியை எடுத்துக்கொண்டவர்களைவிட, "இன்றைக்கு, இவரிடம், இந்தக் காரணத்தால் நடக்கவில்லை" என்று எடுத்துக்கொண்டவர்கள் அதிகம் விற்றார்கள், வேலையிலும் நிலைத்தார்கள். இது பிறவிக்குணம் இல்லை, பழக்கிக்கொள்ளலாம் என்பதும் அவர் சொன்னதுதான்.

அதற்கு வழி ஒரு சின்ன நோட்டு. கைநழுவிய ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் என்ன காரணம் என்று அவன் ஒரு வரி எழுதட்டும். லோன் கிடைக்கவில்லை, கேட்ட கலர் வர மாதக்கணக்காகும், எதிர் ஷோரூம் கொடுத்த தள்ளுபடியை மேனேஜர் கொடுக்கவில்லை, இதெல்லாம் அவன் கையில் இல்லை, விட்டுவிடலாம். ஆனால் நாலு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி மறந்துபோனது, வாரன்டியில் எதெல்லாம் அடங்கும் என்று கேட்டபோது முழித்தது, வண்டியை ஓட்டப்போகிற மகளை விட்டுவிட்டு அப்பாவிடமே பேசிக்கொண்டிருந்தது, இதெல்லாம் அவன் கையில் இருப்பவை. அதில் ஒன்றே ஒன்றை மறுநாள் சரிசெய்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் திருத்த உட்கார்ந்தால் தூக்கம்தான் கெடும்.

அப்புறம் இன்னொன்று. மோசமான நாளில் ஷோரூமை விட்டுக் கிளம்பும் முன்னால், ஏற்கெனவே தன்னிடம் வண்டி வாங்கிய ஒருவருக்குப் போன் போட்டு "வண்டி எப்படி ஓடுது சார்?" என்று கேட்கச் சொல்லுங்கள். விற்பதற்காக இல்லை, சும்மா விசாரிக்க. நாளெல்லாம் 'வேண்டாம்' கேட்ட காதுக்கு ஒரு நல்ல வார்த்தை விழும், அவர்கள் வழியாகவே அடுத்த ஆளும் வருவார். 1963 முதல் 1978 வரை 13,001 கார்களை விற்று கின்னஸ் சாதனை படைத்த ஜோ ஜிரார்ட், வாங்கியவர்களுக்கு மாதாமாதம் வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்த எண்ணிக்கையோடு உங்கள் பையனை ஒப்பிடவே வேண்டாம், அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் செய்யவேண்டியது கொஞ்சம்தான். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இன்னிக்கு எத்தனை வண்டி வித்தே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை மேனேஜர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். சாப்பிட்டு முடிக்கட்டும், அவனாகப் பேசினால் காது கொடுங்கள், அத்தை பையனுக்குக் கிடைத்த வேலையைப் பற்றி மட்டும் அந்த நேரத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

சரி, எப்போது மாறலாம்? நிலையான சம்பளம் என்று ஒன்றுமே இல்லாமல் கமிஷனை மட்டும் நம்பி ஓடவைத்தால், வண்டி தயாரான வருடத்தையோ அடிபட்டதையோ வாடிக்கையாளரிடம் மறைக்கச் சொன்னால், வாய்க்கு வந்தபடி திட்டுவதே நிர்வாகம் என்று நடந்தால், தயங்காமல் வேறு ஷோரூம் பார்க்கட்டும். அதற்காகத் தொழிலையே தலைமுழுக வேண்டியதில்லை. இங்கே கற்ற பேச்சும் பொறுமையும் வாகனக் கடன், காப்பீடு, பழைய கார் விற்பனை, நிறுவனங்களுக்கு மொத்தமாக வண்டி விற்கும் பிரிவு என்று எங்கேயும் உதவும். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டுக் கிடந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

மற்றபடி மூன்று மாதம் அந்த நோட்டை எழுதட்டும். அதை வைத்துக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில், வயிறு நிறைந்து தூங்கி எழுந்தபிறகு நீங்கள் இருவரும் உட்கார்ந்து இருப்பதா விடுவதா என்று பேசுங்கள்.