பழைய ரைஃபிளும் ஒரு பஞ்சுக் குச்சியும்

போன இதழில் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போட்டியைப் பற்றி இல்லை. எல்லோருக்கும் பழைய பாயின்ட் டூ டூ (0.22 அங்குலக் குழல்) ரைஃபிள் வாங்க வேண்டும், அல்லது ஏற்கெனவே வாங்கிவிட்டு விழிக்கிறார்கள். சரி, இந்த மாதம் அதற்கே ஒதுக்கிவிடுவோம். நான் துப்பாக்கி செய்பவன் அல்ல. முப்பது வருடம் சுட்டவன், அதில் பாதிக் காலம் கிளப் ரைஃபிள்களைக் கழற்றி மாட்டியவன். அந்த அளவுக்கு என் பேச்சை நம்பலாம்.

கேள்வி: எனக்கு 19 வயது. இரண்டு வருடமாகக் கிளப் ரைஃபிளில் சுடுகிறேன். மூத்த வீரர் ஒருவர் தன்னுடைய அன்ஷுட்ஸ் 1411-ஐ (ஜெர்மன் போட்டி ரைஃபிள்) விற்கிறார். நேரில் வந்து பார்க்க அரை மணி நேரம் தருவதாகச் சொன்னார். அந்த அரை மணியில் எதைப் பார்ப்பது?

உங்கள் ஊர்ச் சட்டப்படி உரிமமும் கைமாற்றுக் காகிதமும் முதலில். அது இல்லாமல் பார்க்கப் போவதே வீண், ஆசைதான் வளரும்.

போனதும் போல்ட்டை, அதாவது தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் பகுதியைக் கழற்றி, தோட்டா அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். அப்புறம் பையிலிருந்து ஒரு பஞ்சுக் குச்சியை எடுங்கள். காது குடைகிற அதே குச்சிதான். குழல் வாய்க்குள் லேசாக விட்டு, விளிம்பைத் தொட்டபடி வெளியே இழுங்கள். குச்சியைத் திருப்பித் திருப்பி சுற்றிலும் இப்படிச் செய்ய வேண்டும். எங்காவது பஞ்சு இழை மாட்டிக்கொண்டால் அங்கே பிசிறு இருக்கிறது. தோட்டா குழலை விட்டுப் பிரிகிற அந்தக் கணத்தில், பின்னால் வரும் வாயு விளிம்பைச் சுற்றி ஒரே சீராக வெளியேற வேண்டும். ஒரு பக்கம் பிசிறோ தேய்மானமோ இருந்தால் வாயு ஒரு பக்கம் முந்திக்கொள்ளும், தோட்டாவின் வால் அசையும். பெரும்பாலான பழைய ரைஃபிள்கள் சுட்டுத் தேய்ந்தவை அல்ல. முன்வாய் வழியாகத் துப்புரவுக் கம்பியை விட்டு விட்டு, ஒரு பக்கமாகத் தேய்க்கப்பட்டவை. இதற்காக ரைஃபிளை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். லேத்தில் வாயைப் புதிதாகச் சீவிக் கொடுப்பது நல்ல துப்பாக்கித் தொழிலாளிக்குச் சின்ன வேலை. விலையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குழலின் உள்பக்கம். கண்ணை விடக் கை இதில் நன்றாகச் சொல்லும். கம்பியின் முனையில் சற்று இறுக்கமான துணித்துண்டைப் போட்டு, பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். கடைசி வரை ஒரே இறுக்கமாகப் போக வேண்டும். வாய்ப்பக்கம் ஒரு நூல் கூடுதலாக இறுகினால் சந்தோஷப்படுங்கள். நடுவில் ஓரிடத்தில் திடீரென்று தளர்ந்து மறுபடி இறுகினால் அங்கே குழல் உப்பியிருக்கிறது. எப்போதோ ஒரு தோட்டா பாதியில் நின்றிருக்கும். அது தெரியாமல் அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே கருவளையம் மாதிரி தெரியும். இது ஒன்றுக்கு மட்டும் மருந்து கிடையாது. வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

துரு அரித்த புள்ளிகள்? 1920-களிலும் அதற்கு முன்பும் வந்த தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்து சுட்டபின் குழலில் உப்பை விட்டுச் செல்லும், அது ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரைஃபிளில் அரிப்பு இருந்தால் அதைச் சுட்டவரைக் குறை சொல்ல முடியாது. 1411 அதற்கெல்லாம் வெகு பின்னால் வந்தது. அதில் அரிப்பு இருந்தால் கவனிக்காமல் விட்டார்கள் என்றே பொருள்.

மூன்றாவது, தோட்டா அறையின் விளிம்பு. இந்த வகைத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து நடுவில் இல்லை, அடிவிளிம்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. அதனால்தான் ரிம்ஃபயர். ஊசி அந்த விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் சும்மா டிரிகரை இழுத்துப் பழகியிருந்தால், சில ரைஃபிள்களில் ஊசி நேரே அறையின் எஃகு விளிம்பில் அடித்துப் பள்ளம் போட்டுவிடும். சுட்ட கூடு வெளியே வர முரண்டு பிடித்தால் முதல் சந்தேகம் இதுதான். இதற்கென்று உள்ள கருவியால் நீவிச் சரிசெய்யலாம்.

கண்ணருகே வைத்துக் குறிபார்க்கும் பின்சைட் கூடவே வருகிறதா என்று கேட்க மறக்காதீர்கள். தனியே வாங்கப் போனால் ரைஃபிளையே மலிவாக வாங்கிவிட்டோம் என்று தோன்றும். சைட்டைப் பத்து கிளிக் மேலே, பத்து கிளிக் கீழே திருப்பிப் பாருங்கள். கிளிக் ஒவ்வொன்றும் தெளிவாக விழ வேண்டும், வழவழவென்று வழுக்கக் கூடாது. கடைசியாக, அவருடைய பழைய இலக்கு அட்டைகள் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். முப்பது வருடம் சுட்டவர் எதையும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார், எனக்குத் தெரியும்.

கேள்வி: நான் வாங்கிய ரைஃபிளின் கட்டை கறுத்துப் போயிருக்கிறது, குழலின் நீலப்பூச்சு திட்டுத்திட்டாகப் போய்விட்டது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துப் புதிதாக்கலாமா?

என் முதல் ரைஃபிளின் கதையைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதை வாங்கியபோது கட்டை கன்னங்கரேலென்று இருந்தது. இரண்டு வாரம் உப்புத்தாள் போட்டேன். வால்நட் மரத்தின் ரேகை வெளியே வர வர எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே மட்டும் போதாதென்று உள்ளே, குழலும் ரிசீவரும் (போல்ட் ஓடும் உலோகக் கூடு) உட்காரும் பள்ளத்தையும் தேய்த்து, அங்கேயும் வார்னிஷ் மூன்று பூச்சு. முகம் பார்க்கலாம் போல இருந்தது. கிளப்பில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். சுட்டால் ஐந்து தோட்டா ஒரு பக்கம், அடுத்த ஐந்து இரண்டு விரல் தள்ளி மேலே. தோட்டாவை மாற்றினேன், சைட்டை மாற்றினேன், மூச்சு விடுவதைக் கூட மாற்றினேன். ஒரு சீசன் முழுக்கப் போனது.

கடைசியில் ஒரு பெரியவர் வந்து, என் விரலைப் பிடித்துக் குழலும் கட்டையும் சேரும் விளிம்பில் வைத்தார். "இங்கேயே வைத்திரு" என்று சொல்லிவிட்டு முன் திருகைத் தளர்த்தினார். குழல் விரலுக்கடியில் துள்ளி எழுந்தது. அதாவது ரிசீவர் அதன் இருக்கையில் உட்காரவே இல்லை, திருகு அதை வளைத்துப் பிடித்து வைத்திருந்தது. நான் தேய்த்துக் கெடுத்த பள்ளத்தில், மெத்தென்ற வார்னிஷ் மேல், ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் அது வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் சுரண்டி எபாக்ஸி பெட்டிங், அதாவது ரிசீவருக்கு அச்சாகப் பொருந்தும் பிசின் இருக்கை, போட்ட பிறகுதான் அது மறுபடி ரைஃபிள் ஆனது.

எனவே கட்டையின் வெளிப்பக்கத்தைக் கறை நீக்கும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். பாதிக் கறுப்பு வெறும் கையழுக்கும் எண்ணெயும்தான். குழிகளின் மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை ஒற்றினால் மரம் ஆவியில் ஊறி எழும்பும். பிறகு லின்சீட் எண்ணெய், மிக மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது. ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போட்டு விட்டு அப்புறம் எறியுங்கள். கட்டையின் உள்பள்ளம் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள்.

குழலுக்கு எண்ணெயும் மிக நைசான எஃகு நாரும் போதும், மேல்துரு போகும். நீலம் போன இடம் போனபடி இருக்கட்டும். பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் முனைகள் எல்லாம் மழுங்கி, எழுத்துகள் கரைந்துவிடும். வரிசை எண்ணும், சுட்டுச் சோதித்ததற்கான சோதனை முத்திரையும் தேய்ந்து போனால் அழகு கெடுவதோடு நிற்காது, சட்டச் சிக்கலும் வரும்.

கேள்வி: இருபது தோட்டாவுக்கு ஒன்று வெடிப்பதில்லை. ஊசி தேய்ந்துவிட்டதா?

வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கவில்லைதானே? குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

பிறகு அதன் விளிம்பில் விழுந்த தழும்பைப் பாருங்கள். நல்ல ஆழமாக இருந்தால் குறை பெரும்பாலும் தோட்டாவில்தான். ஈரமான மருந்தை விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பும்போது ஓரிடத்தில் குறைந்து போயிருக்கும். ஆழமில்லாமல் மேலோட்டமாக இருந்தால் போல்ட்டைக் கழற்றுங்கள். நான் பார்த்தவற்றில் பத்துக்கு எட்டு, உள்ளே யாரோ அள்ளிப் பூசிய கிரீஸ் காலப்போக்கில் பசையாகி ஊசியைப் பிடித்து வைத்திருந்தவைதான். கழுவித் துடைத்து, ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஸ்பிரிங். ஸ்பிரிங் தளர்ந்தால் வெடிக்காமல் போவது மட்டுமில்லை, வெடிக்கிற தோட்டாக்களும் இலக்கில் மேலும் கீழுமாகச் சிதறும். ஊசியை மாற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

கேள்வி: டிரிகர் கொஞ்சம் கனமாக இருக்கிறது. அரத்தால் லேசாகத் தேய்த்தால் போதும் என்கிறார் நண்பர்.

வேண்டாம். டிரிகரை இழுக்கும்வரை ஊசியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் கடினமான மேல்தோல் மிக மெல்லியது, அது போனால் ஒருநாள் போல்ட்டை மூடும்போதே வெடிக்கும். போட்டி டிரிகர்களில் சரிசெய்யத் திருகுகள் இருக்கின்றன. அதில் வராதது தொழில் தெரிந்தவரிடம் போகட்டும். நண்பரிடம் அரத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: குழலை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது? சிலர் தொடவே கூடாது என்கிறார்கள், சிலர் தினமும் என்கிறார்கள்.

இரண்டு கட்சியும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கட்டும். தோட்டாவின் மேலிருக்கும் மெழுகு குழலில் படிந்து ஒரு மெல்லிய உறை மாதிரி ஆகும். சுத்தம் செய்ததும் அந்த உறை போய்விடுவதால் அடுத்த சில தோட்டாக்கள் வழி தவறும். பத்துப் பதினைந்து சுட்டபின் மறுபடி ஒழுங்குக்கு வரும். இதைப் பார்த்துத்தான் தொடாதே என்கிறார்கள். ஆனால் தோட்டா அறையைத் தாண்டியதும், தோட்டாவைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் தொடங்குகிற இடத்தில், கரியும் பற்றவைக்கும் மருந்தில் கலந்திருக்கும் கண்ணாடித் தூளும் சேர்ந்து வளையமாக இறுகும். தொடவே மாட்டேன் என்பவர்களின் ரைஃபிளை இந்த வளையம்தான் ஒருநாள் கெடுக்கும். பழைய ரைஃபிளை வாங்கியதும் முதல் வேலை இதைக் கரைப்பது. கரைப்பான் ஊற வைத்து, வெண்கலப் பிரஷால், பொறுமையாக. அப்புறம் ஒவ்வொரு முறை சுட்டபின்னும் இரண்டு ஃபெல்ட் உருண்டை போதும். கம்பி ஒரே துண்டாக இருக்க வேண்டும், பின்பக்க வழிகாட்டிக் குழாய் வழியாகவே போக வேண்டும். திருகி நீட்டும் மூன்று துண்டுக் கம்பியைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

கேள்வி: நாற்பது வருடப் பழைய ரைஃபிளை வைத்துக்கொண்டு இன்றைய ரைஃபிள்களோடு போட்டி போட முடியுமா?

50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். நல்ல குழலுள்ள பழைய ரைஃபிளை இறுகப் பிடித்து வைத்து, அதற்குப் பொருந்தும் தோட்டாவைக் கொடுத்தால் அந்த வளையத்துக்குள் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தோட்டாவைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. ஒரே பெயர், ஒரே பெட்டி, ஆனால் தயாரிப்புத் தொகுதி எண் வேறு என்றால் குழலுக்கு அது வேறு தோட்டா. ஐந்து தொகுதிகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, பத்துப் பத்தாகச் சுட்டு, பிடித்ததை மொத்தமாக வாங்கி வையுங்கள். அதற்கு முன்னால் கட்டைத் திருகுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் திருகுக்கருவி) ஒரே அளவுக்கு இறுக்குங்கள். என் ரைஃபிளுக்கு 5 நியூட்டன் மீட்டர். திருகு ஒரு நாள் ஒரு மாதிரி இருந்தால், தோட்டாவைச் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு திருகைச் சோதித்துக் கொண்டிருப்போம்.

புதிய ரைஃபிள்களில் கன்னக்கட்டை, தோள்தட்டு எல்லாம் நாலாபக்கமும் நகரும், அது உண்மையான வசதி. அதற்காகப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: என் ஜெர்மன் ரைஃபிளின் குழலில் மான் கொம்பு மாதிரி ஒரு முத்திரையும், பக்கத்தில் ஹெச், ஜி என்று இரண்டு எழுத்துகளும் இருக்கின்றன. முந்தைய சொந்தக்காரரின் பெயரா?

இல்லை. கொம்பு, உல்ம் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை. எழுத்துகள் வருடக் குறியீடு: ஏ என்றால் 0, பி என்றால் 1, இப்படியே எண்ணிக்கொண்டு போனால் ஜி 6, ஹெச் 7. ஹெச், ஜி என்றால் 76. உங்கள் ரைஃபிள் சோதனையில் தேறியது 1976-ல். உங்கள் வயதைக் கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் கையெழுத்தைப் பார்த்தால் அதுதான் உங்களுக்கு மூத்தது என்று தோன்றுகிறது.