டிஜே சீட்டும் உங்கள் பையனும்

நேற்று ராத்திரி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். "ஊரில்தான் கோட்டா என்று இங்கே வந்தோம், இங்கேயும் நம் பிள்ளைக்கு இடமில்லையா?" என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஹெர்ண்டனில் வீடு, ஏழாம் வகுப்பில் பையன், டிஜே என்று எல்லோரும் சொல்லும் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சீட் கிடைக்குமா என்ற கவலையில் தூக்கம் போயிற்று, சரிதானே? பயம் புரிகிறது. ஆனால் அந்தக் கேள்வியில் பாதி தப்பு. அதை முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் தப்புக் கணக்கு போட்டுத் தயார் செய்தால் கஷ்டப்படப் போவது பையன்தான்.

2020 வரை டிஜேக்கு நுழைவுத் தேர்வு இருந்தது, விண்ணப்பிக்க 100 டாலர் கட்டணம், அதற்கு மேல் கோச்சிங் செலவு வேறு. கார்சன், லாங்ஃபெலோ, ராக்கி ரன் மாதிரி சில நடுநிலைப் பள்ளிகளிலிருந்து கூட்டமாகப் பிள்ளைகள் போனார்கள். அதே மாவட்டத்தில் வருடக்கணக்காக ஒரு பிள்ளைகூடப் போகாத பள்ளிகளும் இருந்தன. 2020இல் தேர்வானவர்களில் ஆசியர்கள், நம் இந்தியர்களும் இதில் சேர்த்தி, 73 சதவீதம். கறுப்பினப் பிள்ளைகளின் எண்ணிக்கை, வெளியிட்டால் யார் யார் என்று தெரிந்துவிடும் அளவுக்குக் குறைவு. அந்த வருடக் கடைசியில்தான் ஃபேர்ஃபேக்ஸ் மாவட்டப் பள்ளி வாரியம் தேர்வையும் கட்டணத்தையும் எடுத்துவிட்டு, சுமார் 480ஆக இருந்த இடங்களை 550 ஆக்கி, ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பில் 1.5 சதவீத அளவுக்கு இடம் ஒதுக்கியது.

இந்த 1.5ஐத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பில் 400 பேர் படிக்கும் பள்ளி என்றால் அதற்கு 6 இடம். உங்கள் பையனின் பள்ளியில் நூறு பேர் விண்ணப்பித்தாலும் அந்த ஆறுதான், அது கிடைக்காதவர்கள் எல்லாப் பள்ளிக்கும் பொதுவான சுமார் 100 இடங்களுக்குப் போட்டியிட வேண்டும். ஆக, அவன் முதலில் போட்டி போடுவது பக்கத்து பெஞ்சுப் பையனோடுதான். மதிப்பெண்ணும் எழுதிய பதில்களும் போக, வீட்டு வருமானம் குறைவா, ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையா, சிறப்புக் கல்வியில் இருக்கும் பிள்ளையா என்பதையும் பார்ப்பார்கள். விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு இனமும் தெரியாது, பெயரும் தெரியாது, ஒரு எண்தான் தெரியும்.

முதல் வருடமே ஆசியர்களின் பங்கு 54 சதவீதமாக இறங்கியது, வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்த எண்தான். கூடவே சுற்ற வேண்டிய இரண்டு எண்கள் சுற்றுவதில்லை. அந்த வருடம் விண்ணப்பித்தவர்களில் ஆசியர்கள் ஏறத்தாழ 49 சதவீதம், அதாவது கேட்டவர்களின் பங்கைவிடக் கிடைத்தவர்களின் பங்கு அதிகம். இன்னொன்று என்னை உலுக்கிய எண்: வருமானம் குறைந்த வீட்டு ஆசியப் பிள்ளைகளில் 2020இல் இடம் கிடைத்தது ஒரே ஒருவருக்கு, அடுத்த வருடம் 51 பேருக்கு. அவர்களும் நம் மாதிரி குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள்தானே!

இந்தப் புதிய முறையை எதிர்த்துப் பெற்றோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு 2022இல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தது, 2023இல் மேல்முறையீட்டில் தோற்றது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

ஊர்க் கோட்டாவோடு ஒப்பிட்டீர்கள். அங்கே சாதிச் சான்றிதழ் காட்ட வேண்டும், இங்கே இனத்தைப் பார்க்கவே கூடாது. ஒப்பிட வேண்டுமென்றால், அதே 2020இல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கினார்களே, அது கொஞ்சம் பக்கத்தில் வரும். எந்தப் பள்ளியில் படித்தாய் என்பதுதான் அங்கேயும் கேள்வி. நியாயமா என்று கேட்டால், நியாயம் என்றே நினைக்கிறேன். பழைய முறையில் கட்டாயம் உள்ளே போயிருக்கக்கூடிய சில பிள்ளைகளுக்கு இதில் இடம் போகிறது, அந்த இழப்பு நிஜம். அதே சமயம், எங்கள் பள்ளியிலிருந்து யாரும் அங்கே போனதே இல்லை என்று கேட்டே வளரும் பிள்ளையின் இழப்பு அதைவிடப் பெரியது.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். ஏழாம் வகுப்பு இறுதி மதிப்பெண் கணக்கில் வரும், அதனால் இந்த வருடமே முக்கியம்; சராசரி (4க்கு) 3.5க்குக் கீழே போனால் விண்ணப்பிக்கவே முடியாது. அல்ஜீப்ரா எட்டாம் வகுப்புக்குள் எடுத்தாக வேண்டும். சீட்டுக்காக மட்டும் பள்ளி மாற்றாதீர்கள், நண்பர்களை விட்டுப் போன பிள்ளைக்கு அந்த வருடம் முழுக்கப் பாழாகும். கட்டுரைக்கான கோச்சிங்குக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளியில், கண்காணிப்பில், தானே எழுதப் போகிறான்.

போன வருடம் ஒரு பையன் மனப்பாடம் செய்த கட்டுரைப் பக்கத்தோடு என்னிடம் வந்தான். "தலைமைப் பண்பு" என்று நாலு தடவை இருந்தது, என்ன அர்த்தம் என்றால் விழித்தான். பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஜனவரிக் குளிரில் அம்மாவின் தோசை மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது, அதனால் அவன்தான் ஓவன் லைட்டை மட்டும் போட்டு மாவை உள்ளே வைத்து, மணிக்கொரு தடவை தெர்மாமீட்டரில் பார்த்து நோட்டில் எழுதுகிறானாம். முதல் தடவை மாவு பொங்கி வழிந்து ஓவன் அடியெல்லாம் ஒட்டிக்கொண்டதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதையே எழுது என்றேன்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். "அவங்க நம்ம சீட்டை எடுத்துக்கிட்டாங்க" என்ற பேச்சு சாப்பாட்டு மேசையில் வேண்டாம். அவன் மறுநாள் அந்தப் பிள்ளைகளோடுதான் உட்காரப் போகிறான். கிடைக்காமல் போனால் ஏரியா உயர்நிலைப் பள்ளியில் நல்ல கணிதமும் அறிவியலும் இருக்கிறது, தினமும் இரண்டு வேளை பஸ்ஸில் கழியும் நேரமும் மிச்சம்.

இந்த வார மதிப்பெண் அறிக்கையை அனுப்புங்கள். சனிக்கிழமை அவனோடு அரை மணி நேரம் பேசுகிறேன், அப்போது நீங்கள் பக்கத்தில் இல்லாமல் இருந்தால் நல்லது.